ட்ராபனி போகும் முன்: படகு டிக்கெட், மீன் பில், சூரை டின்

சிசிலித் தீவின் மேற்கு முனையில் இருக்கும் ட்ராபனி மாகாணத்துக்குக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: அக்டோபரில் நாங்கள் நான்கு பேர் போகிறோம். 'எகாடி தீவுகள் மூன்றும் ஒரே நாளில்' என்று ஏஜென்ட் ஒரு படகுப் பேக்கேஜ் தருகிறார். எந்தக் காரணத்துக்காக ரத்தானாலும் பணம் திரும்பாதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அக்டோபரில் அங்கே காற்று எப்போது எழும் என்று சொல்ல முடியாது. எழுந்தால் படகுகள் நிற்கும். அப்போது உங்கள் பணம் என்ன ஆகும் என்பது எந்த வகைப் படகில் டிக்கெட் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ட்ராபனி துறைமுகத்திலிருந்து ஃபவிஞ்ஞானா, லெவன்ஸோ, மரெத்திமோ மூன்றுக்கும் கால அட்டவணைப்படி அதிவேகப் படகுகள் ஓடுகின்றன. உள்ளூர் மக்கள் போய்வருவதும் அவற்றில்தான். இந்தச் சேவைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற பயணிகள் உரிமைச் சட்டம் பொருந்தும். படகு ரத்தானாலோ, புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, மாற்றுப் பயணமா பணமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பணம் என்றால் 7 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் வானிலைதான் காரணம் என்றால் தாமத இழப்பீடும் கிடையாது, தங்கும் செலவும் கிடையாது. தீவில் மாட்டிக்கொண்டால் அன்றைய ஓட்டல் வாடகை உங்கள் கையிலிருந்துதான்.

உங்கள் ஏஜென்ட் விற்பது சுற்றுலாப் படகு. சுற்றிக்காட்டும் படகுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர் தரும் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் ஒப்பந்தம், அதிலோ 'திரும்பாது' என்று எழுதியிருக்கிறது. அவரிடம் "காற்றால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பும்" என்ற ஒரு வரியை எழுதிக் கேளுங்கள். தந்தால் யோசிக்கலாம். தராவிட்டால் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் முன்பு நீங்களே வழக்கமான படகில் டிக்கெட் எடுங்கள். ஆகஸ்ட் நெரிசலில் இப்படிச் செய்ய முடியாது, அக்டோபரில் முடியும். கோடை முடிந்ததும் படகுகள் குறையும் என்பதால் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் தீவுப் பயணம் வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்று, மூன்று தீவையும் ஒரே நாளில் பார்த்தால் மூன்று துறைமுகங்களைத்தான் பார்ப்பீர்கள். ஃபவிஞ்ஞானாவுக்கே ஒரு நாள் வேண்டும். கிட்டத்தட்ட அரை மணிப் பயணம்தான். தீவின் பெரும்பகுதி சமதரை, வாடகை சைக்கிளே போதும். ஃபுளோரியோ குடும்பத்தின் பழைய சூரை மீன் ஆலை இப்போது அருங்காட்சியகம். கி.மு. 241-இல் ரோமும் கார்த்தேஜும் இந்தக் கடலில் மோதியதோடு முதலாம் பியூனிக் போர் முடிந்தது. அந்தக் கப்பல்களின் மூக்கில் எதிரியை இடிக்கப் பொருத்தியிருந்த வெண்கல முனைகளைக் கடலடியிலிருந்து எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். லெவன்ஸோவில் கற்காலக் குகைச் செதுக்கல்களைப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள்.

கேள்வி: போன மாதம் அங்கே ஓர் உணவகத்தில் மெனுவில் மீன் 6 யூரோ என்று போட்டிருந்தது. பில் வந்தபோது மீனுக்கு மட்டும் 45 யூரோ. அதோடு ஆளுக்கு 2 யூரோ தனியாக. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மீன் விஷயத்தில் பெரும்பாலும் இல்லை. முழு மீனுக்கு இத்தாலியில் 100 கிராம் கணக்கில்தான் விலை போடுவார்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று சின்னதாக எழுதியிருக்கும், அதுதான் 100 கிராம். உங்கள் மீன் 750 கிராம் இருந்திருக்கும். ஏழரை ஆறு நாற்பத்தைந்து. தலை, முள் எல்லாம் சேர்த்துப் பச்சை மீனின் எடை அது. அடுத்த முறை சமைக்கும் முன் உங்கள் கண் முன்னால் எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆளுக்கு 2 யூரோ என்பது 'கோப்பெர்த்தோ', ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் வாங்குவது. மெனுவில் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தர முடியாது என்று சொல்லலாம். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் உறைய வைத்த மீன். புது மீன் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: இல்லை, ஆனால் அந்த ஊரின் பெருமையான கூஸ்கூஸை மறந்துவிடுங்கள். எதிரே வட ஆப்பிரிக்கா இருப்பதால் வந்த உணவு. ரவையைக் கையால் உருட்டி, நம் புட்டு மாதிரி ஆவியில் வேகவைத்து, மீன் குழம்பை ஊற்றி ஊற வைப்பார்கள். மீன் துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் குழம்பு போகாது. 'பெஸ்தோ திராபனேசே' சேர்த்த பூசியாத்தே பாஸ்தா கேளுங்கள்: தக்காளி, பாதாம், பூண்டு, துளசியின் உறவான பேசில், செம்மறிப்பால் சீஸ். சீஸில் விலங்கு ரென்னட் (பாலைத் திரிக்க, குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்துச் சேர்ப்பது) இருக்கும், அது ஆகாது என்றால் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலை மேல் எரிச்சேயில் 'ஜெனோவேசே' என்ற கஸ்டர்ட் வைத்த பலகாரம் பிரசித்தம். சிசிலிப் பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. 'ஸ்திருத்தோ' இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அங்கிருந்து என்ன வாங்கலாம்? வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஒரு கடையில், ஒரே பில்லில், 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் கிடைக்கும். 2024 பிப்ரவரிக்கு முன்பு இது ஏறக்குறைய 155 யூரோவாக இருந்தது. நான்கு கடையில் இருபது இருபதாக வாங்கினால் ஒன்றும் கிடையாது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வரிவிலக்குப் பில் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்யும் முன் சுங்கப் பிரிவுக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொல்லக்கூடும்.

உப்பு வாங்குங்கள். ட்ராபனிக் கடல் உப்புக்குப் புவிசார் முத்திரை உண்டு, அங்குள்ள சூப்பர்மார்க்கெட்டில் விலையும் குறைவு. அதே உப்பை அழகான ஜாடியில் போட்டு நினைவுப்பொருள் கடையில் பல மடங்குக்கு விற்பார்கள். பன்டெல்லரியா தீவின் கேப்பர் (ஊறுகாய் போல் போட்டுவைக்கும் பூமொட்டு) வாங்கினால் உப்பில் போட்டதை வாங்குங்கள், வினிகரில் போட்டதை வேண்டாம்.

மர்சாலா ஒயின் வாங்குபவர்கள் வகைப் பெயரைப் பாருங்கள். 'ஃபீனே' ஒரு வருடம் வைத்தது, சமையலுக்குப் போதும். 'சுப்பீரியோரே' 2 வருடம், 'வெர்ஜினே' குறைந்தது 5 வருடம். குடிப்பதற்கு என்றால் கடைசிதான். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் மதுவரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம்.

கேள்வி: ஃபவிஞ்ஞானா படம் போட்ட சூரை டின், விலை அதிகம். அங்கே பிடித்த மீன்தானா?

பதில்: படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் தீவில் பாரம்பரிய வலை வேட்டையான 'மத்தான்சா' கடைசியாக 2007-இல் நடந்தது. டின்னைத் திருப்பி, மீன் வகையையும் பிடித்த கடல் பகுதி எண் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 37 என்றால் மத்தியதரைக் கடல். 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், அதாவது நம் பக்கத்து மீன் சிசிலி போய் உங்களுக்காகத் திரும்பி வருகிறது. 'பின்னா ஜால்லா' என்பது மஞ்சள் துடுப்புச் சூரை. அந்தத் தீவின் பழைய வேட்டை மீன் 'தோன்னோ ரொஸ்ஸோ'. இரண்டும் எழுதாமல் வெறும் 'தோன்னோ' என்று மட்டும் இருந்தால் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.