பூச்சிமருந்து தின்ற கோழி தேறுமா?

கேள்வி: கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பக்கத்து வீட்டில் கத்தரிச் செடிக்கு மருந்து அடித்தது தெரியாமல் கோழிகளைத் திறந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் வாயில் கோழை வடிந்து, மூச்சு வாங்கி, கால் துவண்டு மூன்று செத்துப்போயின. மீதி இருந்த ஒன்றுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினோம். நான்கு நாளாக உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் கொத்துகிறது. தேறுமா? அதன் முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: தேற வாய்ப்பு உண்டு. ஆனால் அது பிழைத்தது விளக்கெண்ணெயால் இல்லை. மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்றிருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளுக்குப் பொருந்துகின்றன. இந்த வகை, நரம்பு கொடுக்கும் உத்தரவை நிறுத்தவிடாது. எச்சில் சுரந்துகொண்டே இருக்கும், தசைகள் துடித்துத் துடித்து ஓய்ந்துபோகும், கடைசியில் மூச்சடைத்துச் சாகும். பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவு தெரிந்துவிடும். உங்கள் கோழி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

இப்போது அதைத் தனியாக, குளிர்காற்று அடிக்காத அட்டைப்பெட்டியில் வையுங்கள். மலைக் குளிருக்கு ஒரு குண்டு பல்பு போட்டால் போதும். சூடு அதிகமானால் விலகி உட்கார இடம் இருக்கட்டும். சுத்தமான தண்ணீர், குழைந்த சோறு, ஊறவைத்த தீவனம் கொடுங்கள். இறகில் மருந்து வாடை இருந்தால், கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே ஈரம் போகத் துடையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகையில் சில மருந்துகள், கோழி நன்றாகத் தேறிவிட்டது என்று நாம் நினைக்கும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காலை இழுத்துவிடும். தீனி எடுக்கும், கண் தெளிவாக இருக்கும், கால் மட்டும் பின்னும். இந்தப் பாதிப்பு கோழிக்கு மிக எளிதில் வரும் என்பதால்தான் ஆய்வுக்கூடங்களில் இதைக் கோழியில் சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் நாள் விஷமுறிவு ஊசி போட்டிருந்தாலும் இது வரலாம். வந்தால் மாற்று மருந்து கிடையாது. மெத்தென்ற படுக்கையும் வாய்க்கு எட்டும் தீனியும்தான் வழி. எல்லாக் கோழிக்கும் வராது. ஆனாலும் மூன்று வாரம் நடையைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் பைக்கில் ஊசியோடு வருகிற ஆள் "இது வெள்ளைக்கழிச்சல், மூணு ஊசி போட்டா எந்திரிச்சிடும்" என்பார். காசை அவரிடம் கொடுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் தொற்றுநோய், பச்சையாகக் கழியும், கழுத்துத் திருகும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். ஒரே மத்தியானத்தில் மூன்று சரிந்தால் முதலில் விஷத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சாகப்போகிற கோழியைப் பாதி விலைக்கு வாங்க வரும் வியாபாரியையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தக் கறி யாருடைய வீட்டுச் சட்டிக்குப் போகிறது என்று யோசித்தால் உங்களுக்கே மனது வராது. செத்தவற்றை நாய், காக்கை தொடாதபடி ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஓடையில் வீசாதீர்கள்.

இன்னொரு முறை நடந்தால், எண்ணெயும் பாலும் புளித்தண்ணீரும் ஊற்றவே கூடாது. இந்த மருந்துகளில் பல எண்ணெயில் கரையும், உடம்பில் இன்னும் வேகமாக ஏறும். துவண்ட கோழியின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம். அடுப்புக்கரியும் உதவாது, விஷத்தை உறிஞ்சுவது மருந்துக்கடையில் விற்கும் பதப்படுத்திய கரித்தூள்தான். அதையும் மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பதே நல்லது. முதல் வேலை கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போடுவது, அல்லது மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கே போடவேண்டியது அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி. கோழை வற்றி மூச்சு சீராகும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

போகும்போது மருந்துப் புட்டியின் லேபிளையும் எடுத்துப் போங்கள். என்ன மருந்து, விஷமுறிவு என்ன என்று அதில் அச்சிட்டிருக்கும். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பழைய தண்ணீர் பாட்டிலில் லூசாக ஊற்றி, பெயரே இல்லாமல் விற்கிறார்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிள் இல்லாமல் விற்பதே குற்றம். கேரளம் 2011-லேயே போரேட், பியூரடான் போன்ற பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. இந்தியா முழுவதுமே 2020 டிசம்பர் 31 முதல் போரேட்டுக்கும், கோழிப்பேனுக்கு அடித்துவந்த டைக்குளோர்வாசுக்கும் தடை. சட்டப்புத்தகத்தில் தடை ஏறினால் போதுமா? கடைக்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டாமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் "கோழிக்கா வந்தீங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கூச்சப்படாமல், "விஷம், அட்ரோபின் வேண்டும்" என்று சொல்லுங்கள். லயத்தில் இருப்பவருக்கு நாலு கோழி என்பது மாதச் செலவு.

முட்டை வேண்டாம். விஷம் மஞ்சள் கருவில் சேரக்கூடும். கோழி முழுதாகத் தேறிய பிறகும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். அதுவரை இடும் முட்டையை அடை வைக்காமல், நாய்க்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.