ராஜினாமா மெயிலை இன்னும் அனுப்பாதீர்கள்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் ரிசர்ச் ஸ்காலராக இருக்கிறேன். கணவரும் மகளும் குடும்பத்தினருக்கான ஜே-2வில் உடன் இருக்கிறார்கள். நான் ராத்திரி பகலாகச் செய்த ஆய்வு கட்டுரையாக வந்தபோது பேராசிரியர் என் பெயரை எடுத்துவிட்டார். கேட்டதற்கு எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். துறைத் தலைவரிடம் புகார் செய்தேன். மே மாதத்துக்குப் பிறகு நீட்டிக்க மாட்டோம் என்று கடிதம் வந்ததுதான் மிச்சம். வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் ஜனவரியில் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. இந்த வாரமே ராஜினாமா செய்துவிட்டு, ஊரில் பெற்றோருடன் இரண்டு மாதம் இருந்துவிட்டு, ஜனவரியில் புது இடத்தில் சேரலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பேராசிரியர் மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா மேடம்?

பதில்: வழக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கிற வரி ஒன்றுதான்: "இந்த வாரமே ராஜினாமா." அந்த மெயிலை அனுப்பிவிட்டால், ஜனவரி வேலை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

காரணம் இதுதான். நீங்கள் விலகியதாகத் தெரிந்தவுடன் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸ், செவிஸ் என்ற அமெரிக்க அரசின் கணினிப் பதிவில் உங்கள் புரோகிராமை முடித்துவிடும். ரிசர்ச் ஸ்காலர் பிரிவில் பதிவு முடிந்த தேதியிலிருந்து 24 மாதத் தடை ஓட ஆரம்பிக்கும். அந்த இரண்டு ஆண்டும் அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ரிசர்ச் ஸ்காலராகவோ புரொஃபசர் பிரிவிலோ ஜே-1இல் நீங்கள் சேர முடியாது. மொத்தம் ஐந்து ஆண்டு அனுமதி இருக்கிறதே, இரண்டுதானே ஆகியிருக்கிறது என்று கேட்பீர்கள். மீதி மூன்றைச் சேமித்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள வழியில்லை. பதிவு முடிந்தால் அதுவும் முடிந்தது. இந்தத் தடை ஜே-2வில் இருக்கும் உங்கள் கணவருக்கும் உண்டு. அவரும் ஆய்வாளர் என்றால் அவர் வாய்ப்பும் சேர்ந்தே போகும்.

இந்தத் தடையையும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. எந்த நாட்டவர் எந்தத் துறைக்காக ஊர் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா வைத்திருப்பது திறன் பட்டியல்; 2024 டிசம்பரில் வந்த பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் பட்டியலை வைத்து உங்களைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் இந்திய அரசு அல்லது அமெரிக்க அரசுப் பணத்தில் வந்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது, ஜே-1க்காகப் பல்கலைக்கழகம் தந்த டி.எஸ்-2019 படிவத்தையும் விசா ஸ்டாம்ப்பையும் எடுத்துப் பாருங்கள். நான் சொல்லும் 24 மாதத் தடைக்கு யார் பணத்தில் வந்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. தாய்நாட்டு விதியிலிருந்து விலக்கு, அதாவது வெய்வர், வாங்கினாலும் இது போகாது. அதோடு, வெய்வருக்குச் சாதகமான பரிந்துரை வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஜே-1ஐ நீட்டிக்கவோ மாற்றவோ முடியாது. யாரோ சொன்னார்கள் என்று இப்போது அதில் இறங்காதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் விழுகிற பள்ளம் எப்போதும் ஒன்றுதான். புரோகிராம் முடிந்தால் 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் புது இடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாணவர் அப்படித்தான் மாறியிருப்பார். அவர் எஃப்-1, அவருக்கு 60 நாள், அதற்குள் கல்லூரி மாறலாம். எச்-1பியில் வேலை போன நண்பருக்கும் 60 நாள் வரை உண்டு. அவர்கள் சொல்வது அவரவர் விசாவுக்குச் சரி. ஜே-1இல் உள்ள 30 நாள் மூட்டை கட்டுவதற்கு மட்டும். அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது, டிரான்ஸ்ஃபர் கேட்கக்கூடாது, நாட்டை விட்டு வெளியே போனால் அதை வைத்துத் திரும்பி வரவும் முடியாது.

உங்களைப் போலவே ஒருவர் வந்தார். லேப் மீட்டிங்கில் சண்டை. வீட்டுக்கு வந்ததும் "இன்றோடு விலகுகிறேன்" என்று நான்கு வரி மெயில் எழுதி, பேராசிரியருக்கு அனுப்பி, இன்டர்நேஷனல் ஆபீஸுக்கும் காப்பி போட்டார். அவர் கையில் வேறு பல்கலைக்கழகத்தின் கடிதம் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினார். ஆபீஸ் பதிவை முடித்தது. புதிய இடத்தில் டி.எஸ்-2019 போடும்போதுதான் தடை தெரிய வந்தது. பதிவைத் திறக்க வைக்க முடியுமா என்று கேட்டார். ஆபீஸ் தவறாக முடித்திருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அவரே எழுதிக் கொடுத்து முடித்ததை எந்த ஆபீஸும் தன் தவறு என்று ஒப்புக்கொள்ளாது. அவ்வளவு நல்ல ஆய்வாளர், இரண்டு ஆண்டு காத்திருந்தார்.

டிரான்ஸ்ஃபர் இப்படித்தான் நடக்கிறது. உங்கள் பதிவு உயிரோடு இருக்கும்போதே, இரண்டு பல்கலைக்கழக ஆபீஸும் பேசி ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதியில் பழைய ஆபீஸ் பதிவை விடுவிக்கும், புதிய ஆபீஸ் எடுத்துக்கொள்ளும். நடுவில் இடைவெளி கூடாது. பிரிவு அதே ரிசர்ச் ஸ்காலராக இருக்க வேண்டும், ஆய்வு நோக்கமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் பழைய ஆபீஸுக்கு உங்கள் பதிவைத் தொடக்கூட முடியாது. ஆகவே புது இடத்தில் கையெழுத்தான ஆஃபர் வரும் முன் தேதி குறிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் டி.எஸ்-2019 மே வரை இருக்கிறது. அதாவது ஜனவரிக்குத் தேவையானது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது! டிசம்பர் கடைசி வரை துறை உங்களை வைத்திருந்தால் போதும்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். போடலாமா? போடலாம். வேண்டாம் என்பேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் உங்கள் ஜே-1 ஒரு நாள்கூட நீளாது. அவமானம், எல்லார் முன்னாலும் திட்டியது, இவற்றை வைத்து விசாவில் எதுவும் வாங்க முடியாது. கட்டுரையில் பெயர் விடுபட்டது நியாயமான குறை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதைப் பத்திரிகை ஆசிரியருக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மைப் பிரிவுக்கும் நீங்கள் புது ஊரில் உட்கார்ந்துகொண்டே எழுதலாம். அதற்கு ஜே-1 தேவையில்லை.

எனவே சமாதானமாகப் போங்கள். துறைத் தலைவரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: டிரான்ஸ்ஃபர் தேதி வரை என் ஹோஸ்டிங் தொடரட்டும், நான் அமைதியாகப் போய்விடுகிறேன். நீங்கள் போவதில் அவர்களுக்கும் நிம்மதிதான், அதனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சம்பளத்தை நிறுத்துவோம் என்றாலும் அங்கேயே உடைத்துக்கொண்டு வராதீர்கள். அந்த வாரங்களுக்குச் சொந்தப் பணத்தைக் காட்டினால் போதுமா என்று இன்டர்நேஷனல் ஆபீஸில் கேளுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தில் கட்டுரை உரிமையையும் புகார் உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக வரி இருந்தால் மட்டும் போடாதீர்கள். ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

இந்த இடைப்பட்ட காலத்தில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். புது லேப் பேராசிரியர் நல்லவராகவே இருப்பார், "இப்போதே டேட்டாவைப் பார்க்க ஆரம்பியுங்கள், பணத்தை ஜனவரியில் சேர்த்துத் தருகிறேன்" என்பார். அது அனுமதியில்லாத வேலை. அப்படிச் செய்தவருக்கு ஸ்டேட்டஸைத் திரும்பப் பெறும் வழியே கிடையாது. வேறெங்காவது லெக்சர் கொடுத்துப் பணம் வாங்குவதற்கும் உங்கள் டி.எஸ்-2019இல் கையெழுத்துப் போட்ட பொறுப்பு அதிகாரியின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். இன்ஷூரன்ஸை ஒரு நாள்கூட விடாதீர்கள். வேண்டுமென்றே விட்டவரையும் சட்டம் அதே வரிசையில் வைக்கிறது. பல்கலைக்கழக லேப்டாப்பையும் லேப் நோட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். டேட்டாவை எடுத்துப்போனார் என்று ஒரு புகார் வந்தால், புரோகிராமை டெர்மினேட் செய்வதற்கு நீங்களே காரணம் கொடுத்தது ஆகும். டெர்மினேட் ஆனால் அந்த 30 நாளும் இல்லை.

பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்றால் ராஜினாமா தேவையில்லை, விடுப்பு எடுங்கள். இரண்டு மாதம் வேண்டாம், சில வாரம் போதும். டி.எஸ்-2019இல் பயணக் கையெழுத்து ஓராண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும், விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. ஆகியிருந்தால் போகவே போகாதீர்கள். இன்டர்வியூ தேதி எப்போது கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிரான்ஸ்ஃபர் தேதிக்கு முன்பே திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மெயில் போய்விட்டது என்றால் இன்றே இன்டர்நேஷனல் ஆபீஸுக்குப் போய், பதிவை இன்னும் முடிக்கவில்லையே என்று கேளுங்கள். முடிக்கவில்லை என்றால், ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாகவும் டிரான்ஸ்ஃபர் வேண்டும் என்றும் அங்கேயே எழுதிக் கொடுங்கள். முடித்துவிட்டார்கள் என்றால் மிஞ்சுவது ஷார்ட் டெர்ம் ஸ்காலர் பிரிவு. அதற்கு இந்தத் தடை இல்லை, ஆனால் ஆறு மாதம்தான், நீட்டிக்க முடியாது. இல்லையென்றால் புது இடம் எச்-1பி போட மனசு வைக்க வேண்டும்.

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், டி.எஸ்-2019இல் 7ஆம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் உங்கள் பொறுப்பு அதிகாரி. எச்.ஆர். அல்ல, பேராசிரியரும் அல்ல. அவருக்கு எழுதும் மெயிலில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "ஜனவரியில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆக விரும்புகிறேன், என்ன தாள்கள் வேண்டும்" என்று கேட்டு, ஆஃபர் கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். உங்கள் கணவர் வேலை அனுமதி வாங்கி வேலை பார்க்கிறார் என்றால் அதையும் அதே மெயிலில் கேளுங்கள். அவருடைய அனுமதி உங்கள் பதிவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் நிற்கிறது.