கேள்வி – பதில்: வெளிநாட்டு உதவி நிதியைக் காக்க யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஏழை நாடுகளுக்கு அமெரிக்கா தரும் மருத்துவ உதவி வெட்டப்படுவது மனதை உறுத்துகிறது. இணைய மனுக்களில் கையெழுத்துப் போட்டதோடு சரி. வேறென்ன செய்யலாம்? என்னிடம் கிரீன் கார்டுதான் உள்ளது.

பதில்: கேட்க வேண்டியது உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரிடமும் மாநில செனட்டர்களிடமும். ஒரே வாசகத்தில் ஆயிரம் மின்னஞ்சல் வந்தால் அவர்களின் அலுவலகம் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே பதிலை அனுப்பிவிடும். சொந்த நடையில் பத்து வரி எழுதுங்கள். அதை ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

காலம் மிக முக்கியம். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கினாலும், உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று வரையும் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கு அனுப்புவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். செப்டம்பரில் விழித்துக்கொண்டு பயனில்லை, பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

"வெளிநாட்டு உதவியைக் காப்பாற்றுங்கள்" என்றால் "அக்கறைக்கு நன்றி" என்பதோடு முடிந்துவிடும். திட்டத்தின் பெயரையும் தொகையையும் சொல்லிக் கேளுங்கள்: "ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் காவி (Gavi) தடுப்பூசிக் கூட்டணிக்கு 2024 நிதியாண்டில் ஒதுக்கிய அதே 30 கோடி டாலரைக் கேட்டு உறுப்பினர் துணைக்குழுவுக்கு எழுதுவாரா?" இதற்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

தொகுதி அலுவலகத்துக்கு போன் செய்து, வெளியுறவைக் கவனிக்கும் உதவியாளர் யாரென்று கேட்டு, அவரிடம் 15 நிமிடம் நேரம் வாங்குங்கள். மூன்று நான்கு பேர் போதும். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். கையில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு. மறுநாளே நன்றி மடல், அதில் அதே கேள்வி மறுபடியும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் திரும்ப அழையுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். வாஷிங்டனுக்குத் தபாலில் எழுத வேண்டாம்: 2001இல் கடிதங்களில் ஆந்த்ராக்ஸ் கிருமியை வைத்து அனுப்பிய தாக்குதலுக்குப் பிறகு அங்கே கடிதங்கள் பாதுகாப்புச் சோதனை முடிந்து தாமதமாகவே மேசைக்குப் போகின்றன.

கேள்வி: இதனால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா?

பதில்: 2025 ஜூனில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய 940 கோடி டாலர் ரத்து மசோதாவில் (ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தைத் திரும்பப் பெறும் மசோதா) எச்.ஐ.வி. திட்டமான பெப்ஃபாரின் 40 கோடியும் இருந்தது. ஆளுங்கட்சி செனட்டர்களே எதிர்த்ததால் அந்தப் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. மீதி 900 கோடி போய்விட்டது. அதில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. செனட்டில் வாக்கு 51–48. இத்தகைய மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஆகவே இரண்டு மூன்று செனட்டர்கள் தயங்கினாலே கணக்கு மாறும். ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவரைவிடத் தயங்குபவரின் மாநிலத்தில் உள்ள நண்பரைப் பேச வைப்பது அதிகப் பயன் தரும்.

ஒதுக்கீடு நிறைவேறினாலும் வேலை முடியாது. 2025 ஆகஸ்டில், நிதியாண்டு முடியும் தறுவாயில், 490 கோடி டாலரை நிர்வாகம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. ஆகவே கோடையில் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்: "ஒதுக்கிய பணம் வெளியே போகிறதா என்று வெளியுறவுத் துறைக்கு எழுதிக் கேட்பீர்களா?"

கிரீன் கார்டு தடையல்ல. தொகுதியில் வசித்தால் போதும். முகவரியையும் ஜிப் கோடையும் முதல் வரியிலேயே தாருங்கள், ஆனால் உங்களை வாக்காளர் என்று சொல்லிவிடாதீர்கள். வரிவிலக்குள்ள தமிழ்ச் சங்கம் ஓரளவுக்கு மசோதா பற்றிப் பேசலாம். வேட்பாளரை ஆதரிக்கவே கூடாது, அந்தஸ்து பறிபோகும்.