ஆகஸ்டில் கிரீஸ் தீவில் காற்று இருக்குமா?

கேள்வி: நானும் கணவரும் ஆகஸ்டில் பத்து நாள் கிரீஸ் போய்க் கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) கற்றுக்கொள்ள நினைக்கிறோம். நீச்சல் தெரியும், மற்றபடி அனுபவம் இல்லை. கோவையில் ஓர் ஏஜென்ட் கார்பதோஸ் தீவில் ஏழு நாள் பேக்கேஜ் தருகிறார். பாடத்தோடு ஏழு நாள் கைட் வாடகையும் சேர்த்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். அங்கே போன பிறகு காற்றே இல்லாவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்தக் கவலையை விடுங்கள். ஆகஸ்டில் அங்கே காற்று இருக்கும், உங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கும். பிரச்சினையே அதுதான்.

கார்பதோஸ் இருக்கும் ஏஜியன் கடலில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம். அந்தத் தாழ்வழுத்தம் நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கிற அதே பெரிய தாழ்வழுத்தத்தின் வால். அதனால் நம் ஊரில் ஆடிக்காற்று அம்மியைத் தூக்கும் நாட்களில் அங்கேயும் உச்சம். திசை மட்டும் வாடை. 25, 30 நாட் என்பது ஆகஸ்டில் சாதாரணம், அதாவது மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர். கற்பவருக்கு 12 முதல் 18 நாட் போதும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாக்சோஸ் தீவின் மிக்ரி விக்லாவில் ஓர் ஆகஸ்ட் மதியம் பார்த்தேன். கெண்டைக்காலில் மணல் ஊசி மாதிரிக் குத்துகிறது. இரண்டாம் நாள் மாணவர் ஒருவர் பயத்தில் பாரை, அதாவது கைட்டை இயக்கும் கைப்பிடிக் கம்பியை, கெட்டியாகப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார். இழுத்தால் கைட்டுக்கு இன்னும் பவர் ஏறும். கையை விட்டால் அடங்கிவிடும். ஆனால் பயந்த கை எங்கே விடும்! பத்தடி தூரம் முகம் குப்புறப் போனார். நல்லவேளை, முன்னால் தண்ணீர்தான் இருந்தது. முதல் நாளே சிவப்பு நிற குவிக் ரிலீஸை, அதாவது ஆபத்தில் கைட்டின் இழுவிசையை அறுத்துவிடும் பிடியை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை தள்ளிப் பழகுங்கள். அதைச் செய்யச் சொல்லாத பயிற்சியாளரிடம் கற்க வேண்டாம்.

கார்பதோஸில் எல்லோரும் போவது விமான நிலையத்தை ஒட்டிய அஃபியார்டிஸ். அங்கே காற்று நிலத்தின் மேல் வந்து கடலுக்குள் போகும். தேர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம். கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்றில் புதியவர் கற்கக் கூடாது, அவ்வளவுதான். கரைக்கு இணையாகவோ சற்றுக் கரைப்பக்கமாகவோ காற்று வீசும் இடம் வேண்டும். பாரோஸ் தீவின் பூண்டாவையும் கோஸ் தீவின் வடகரையில் உள்ள மர்மாரி, மஸ்திஹாரியையும் விசாரியுங்கள். தேதியை ஜூன் கடைசிக்கோ செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கோ மாற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகஸ்டை விட முடியாது என்றால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: லெஃப்கடா. அது ஏஜியனில் இல்லை. மேற்கே அயோனியன் கடலில் இருக்கிறது. மெல்டெமியின் முரட்டுத்தனம் அங்கே கிடையாது. காலையில் கடல் சும்மா கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு, மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று மெல்ல எழும். இன்னொரு வசதி, நிலத்தோடு பாலத்தால் இணைந்த தீவு என்பதால் கப்பலே தேவையில்லை. ஏதென்ஸிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் அந்தத் தீவிலும் ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். தெற்கே வாசிலிகி விண்ட்சர்ஃபிங்குக்குப் பெயர் போனது. நீங்கள் போக வேண்டியது லெஃப்கடா நகரத்துக்குப் பக்கத்தில், பழைய காற்றாலைகள் நிற்கும் அயியோஸ் இயோன்னிஸ் கடற்கரை. 'லெஃப்கடாதானே' என்று ஏஜென்ட் வாசிலிகியில் ரூம் போட்டால், தினமும் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

சரி, அந்தப் பேக்கேஜுக்கு வருவோம். ஏழு நாள் வாடகை என்பது சுத்த ஏமாற்று. தனியாக ஓட்டத் தெரியாதவருக்கு எந்த ஒழுங்கான பள்ளியும் கைட்டை வாடகைக்குக் கொடுக்காது. பாட நேரத்தில் கைட், இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். போர்டில் எழுந்து நிற்கவே பத்து மணி நேரம்போலப் பயிற்சி ஆகும். அப்புறம் எங்கே ஏழு நாள் வாடகை? தொட முடியாத சாமானுக்குக் காசு வாங்குகிறார். பள்ளிக்கே நேராக எழுதுங்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி, காற்று குறைந்தாலும் கூடினாலும் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். 'கூடினாலும்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் முதல் பாடங்களை ராமேஸ்வரத்தின் ஆழமில்லாத தண்ணீரிலேயே முடித்துவிட்டுப் போகலாம்.

கிரீஸ் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதற்காக அவசரமாக வாங்கும் மலிவு பாலிசிகளில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருப்பது வழக்கம். விசா கிடைக்கும், கால் உடைந்தால் காசு கிடைக்காது. 'கைட்சர்ஃபிங்' என்ற பெயரே பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசா முறையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆதாரம் முதலில் காட்ட வேண்டும், கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்வார்கள். 2024 ஜூனிலிருந்து 90 யூரோ கட்டணம் வேறு, மறுத்தாலும் திரும்ப வராது. முடிவுக்கு 15 நாள் என்று விதி, 45 நாள் வரை இழுக்கலாம் என்றும் அதே விதி. இந்தக் குழப்பத்தில்தான் அப்பாயின்ட்மென்ட் 'ஸ்லாட்' விற்கும் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அப்போதே உட்காருங்கள். ரத்து செய்யக்கூடிய ரூமை மட்டும் போடுங்கள்.

ஏஜியன் தீவுக்கே போவதானால் இன்னொன்று. மெல்டெமி மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். வேகப் படகுகள்தான் முதலில் நிற்கும். கைட் ஓட்ட முடியாத அதே நாளில் தீவை விட்டும் கிளம்ப முடியாது. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.