எட்டாம் நாள் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த மங்கோலிய மேய்ச்சல் குடிகளான கல்மிக்குகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் அம்மை குத்தியதைப் பற்றிப் படிக்கிறேன். எங்கு பார்த்தாலும் ‘பிரிஸ்தாவ்’ என்ற ரஷ்ய அதிகாரிதான் வருகிறார். மருத்துவருக்கு அங்கே என்ன வேலை? கட்டாயப்படுத்தித்தான் குத்தினார்களா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

அம்மை குத்துவதைக் கைத்திறமுள்ள எவருக்கும் பழக்கிவிடலாம். குத்துவதற்கான கொப்புள நீரை, அதாவது அம்மைப்பாலை, சாகாமல் வைத்திருப்பதுதான் பாடு. குளிர்பதன வசதி இல்லாத காலம். கண்ணாடித் தகட்டிலோ நூலிலோ காயவைத்து அனுப்பிய பால் வெயிலில் வீரியம் இழந்துவிடும். நம்பகமான வழி, கைக்குக் கை மாற்றுவது. குத்திய குழந்தையின் கொப்புளத்தில் ஏழெட்டு நாளில் தெளிந்த நீர் கட்டும். லான்செட் என்ற சிறு கத்தியின் முனையால் அதை எடுத்து அடுத்த குழந்தையின் மேற்கையில் இரண்டு மூன்று இடத்தில் மேலாகக் கீறி வைக்க வேண்டும். ஆழமாகக் கீறினால் இரத்தம் பாலைக் கழுவிவிடும். பத்தாம் நாளுக்குமேல் நீர் கலங்கிச் சீழாகும். அதை எடுத்துக் குத்தினால் புண்தான் மிஞ்சும்.

ஆக, குத்திய குழந்தையும் இதுவரை அம்மை காணாத குழந்தைகளும் எட்டாம் நாளில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். மேய்ச்சலுக்காகக் கூடாரத்தைப் பிரித்துப் போகும் மக்களிடம் இது நடக்குமா? எந்த முகாம் எங்கே, யார் வீட்டில் குழந்தை என்பது கல்மிக்குப் பிரபுக்களான நோயோன்களுக்கும் அவர்களுக்குக் கீழிருந்த குலத்தலைவர்களான சைசாங்குகளுக்கும் தெரியும். அவர்களுக்கு உத்தரவிடக்கூடியவர் பிரிஸ்தாவ். 1771இல் அவர்களுடைய கானின் அரசு (கானேட்) ஒழிந்தபின் கல்மிக்குகள் ரஷ்யாவின் அஸ்த்ரகான் மாகாண நிர்வாகத்தின்கீழ் வந்தார்கள். 1811இல் மாகாணந்தோறும் அம்மை குத்தும் குழுக்கள் அமைக்க ஆணை வந்தது. பட்டியல், குதிரை, ஆளனுப்புதல் எல்லாம் அதிகாரியின் தலையில் விழுந்தன.

கட்டாயமா என்றால், சட்டத்தில் இல்லை. எல்லாருக்கும் கட்டாயம் என்ற ஆணை சோவியத் அரசு 1919இல் போட்டதுதான். ஆனால் நோயோன் சொன்னால் குடிகள் மறுப்பது எளிதல்ல. அவர்களுடைய அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளவும் மாட்டேன். இவர்களின் உறவினரான, கிழக்கே மத்திய ஆசியாவில் வாழ்ந்த சுங்கார்களை 1750களில் பெரியம்மை வாரிக்கொண்டு போனது; அவர்களின் தலைவன் அமுர்சனா 1757இல் இறந்ததும் அதனால்தான். நோயாளியை விட்டு முகாமையே நகர்த்தும் வழக்கம் கொடிதுதான், ஆனால் தொற்றை அறிந்தவர்களின் வழக்கம். அப்படிப்பட்டவர்களிடம் ‘கொப்புளத்து நீரை உடம்பில் ஏற்றுகிறேன்’ என்றால் சும்மா கை நீட்டுவார்களா?

அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கை வேறு, கொப்புளம் சரியாக எழும்பியவர்களின் எண்ணிக்கை வேறு. எட்டாம் நாளில் போய்ப் பார்க்காதவரிடம் முதல் கணக்கு மட்டுமே இருக்கும். மேலும், ஒருமுறை குத்தியதன் காப்பு ஆண்டுகள் போகப்போகத் தேயும் என்பதால், மறுமுறை குத்திய பதிவு இல்லாத இடத்தில் வளர்ந்தவர்களையும் காப்புப் பெற்றவர்களாக எண்ணிவிடாதீர்கள்.