பழைய சொகுசு எஸ்யூவி: வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க, சொல்றேன்

கிண்டியில ஜெர்மன், பிரிட்டிஷ் வண்டி பார்க்கிற ஷெட் நம்மளது. குழுவுல கேட்டுக்கிட்டதால இன்னிக்கு உட்கார்ந்து பதில் எழுதுறேன். மெக்கானிக்கல் மட்டும் கேளுங்க. விலை, ரீசேல், கலர் எல்லாம் எனக்குத் தெரியாது.

போரூர்: அண்ணே, 2014 ஆடி க்யூ7, 3.0 டீசல், 95,000 கி.மீ. ஒண்ணு பார்த்திருக்கேன். முதல்ல எதைப் பார்க்கணும்?

முதல்ல பானட் மேல கையை வைங்க. சூடா இருந்தா அன்னிக்கு வண்டியே பார்க்காதீங்க. "நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது முதல் ரெண்டு மூணு செகண்டுல டைமிங் செயின் (வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி) கடகடன்னு சத்தம் போடுதான்னு கேளுங்க. இந்த இன்ஜின்ல செயின் முன்பக்கம் இல்ல, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. மாத்தணும்னா இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கீழ இறக்கணும். பி.எம்.டபிள்யூ டீசல்ல என்47, என்57னு வர்ற ரெண்டு இன்ஜினும் இதே கதைதான். செயின் விலையை விட கூலிதான் உங்களைக் கொல்லும்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை) இருந்தா, அதே காலை நேரத்துல ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. நாலு சக்கரத்துலயும் வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து பாருங்க. ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தா அந்த மூலையில இருக்கிற சஸ்பென்ஷன் காத்துப் பையில (ஏர் பேக்ல) லீக். லீக் இருந்தா காத்து அடிக்கிற கம்ப்ரசர் ஓய்வில்லாம ஓடி ஓடி எரிஞ்சுபோகும். விக்கிறவங்க புது கம்ப்ரசரை மட்டும் போட்டுட்டு "சஸ்பென்ஷன் புதுசு சார்"னு சொல்வாங்க. பேக்ல லீக் அப்படியே இருக்கும், புது கம்ப்ரசரும் அதே வழியில போகும்.

வேளச்சேரி: வெள்ளத்துல நின்ன வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?

வேளச்சேரியில இருந்தே இந்தக் கேள்வி வருது, பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டு தடவையும் தண்ணியில நின்ன வண்டி நிறைய. இன்ஷூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ் (ரிப்பேர் பண்றது வீண்) போட்டது ஏலத்துல போய், கழுவித் துடைச்சு, திரும்ப சந்தைக்கு வரும். ஆர்சி வேற ஊரா இருக்குன்னு நம்பாதீங்க.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ள சுருண்டிருக்கிற பகுதியில சேறு படிஞ்ச கோடு இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டாங்க. சீட் ரெயில் போல்ட்ல துரு பாருங்க. கார்பெட்டைத் தூக்கி அடியில இருக்கிற ஸ்பான்ஜை அழுத்துங்க. பத்து வருஷ வண்டியில கார்பெட் மட்டும் புதுசா இருந்தா ஏன்னு கேளுங்க. இந்த மாதிரி வண்டிங்கள்ல எலக்ட்ரானிக் பாக்ஸ் பாதி சீட்டுக்கு அடியிலயும் டிக்கி தரைக்கு அடியிலயும்தான் இருக்கு. முதல் தலைமுறை க்யூ7-ல பேட்டரியே முன் சீட்டுக்கு அடியில. அங்க கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா இன்னிக்கு ஓடும், ஆறு மாசத்துல ஒவ்வொண்ணா சாகும்.

சன்ரூஃப் வடிகால் குழாய் அடைச்சாலும் கார்பெட் நனையும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. சன்ரூஃப் தண்ணி மேல ரூஃப் துணியில கறை விடும். வெள்ளம் கீழ இடுக்குல சேறு விடும்.

தண்ணிக்குள்ள எவனாவது ஸ்டார்ட் பண்ணியிருந்தா சிலிண்டருக்குள்ள தண்ணி போய், பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கலாம். லேசா வளைஞ்சா வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் (உள்ள காத்தை அழுத்துற பலம்) குறையும். சந்தேகம் இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட் போடாம காசு கொடுக்காதீங்க.

அண்ணா நகர்: 25 லட்சத்துல பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 நல்லதா, மெர்சிடிஸ் ஜி.எல். நல்லதா?

வண்டியைப் பொறுத்தது.

தாம்பரம்: 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல என்ன பார்க்கணும் அண்ணே?

வண்டி ஆறியிருக்கும்போதே ஓட்டிப் பார்க்கணும். (பானட் சூடா இருந்தா வேண்டாம், திரும்பவும் சொல்றேன்.) சிக்னல்ல நிக்கப் போகும்போது ரெண்டாவது கியர்ல இருந்து ஒண்ணாவதுக்கு இறங்குறப்போ பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி இருந்தா கவனிக்கணும். அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில் கேளுங்க. "லைஃப்டைம் ஆயில்"னு சொன்னா நம்பாதீங்க. இந்த 8 ஸ்பீடுல நிறைய கியர்பாக்ஸைச் செய்யிற இசட்.எஃப். கம்பெனியே 80,000-ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது.

மயிலாப்பூர்: மன்னிக்கணும். என் வண்டிக்கு சர்வீஸ் சென்டர்ல மாத்தவே வேண்டாம்னுதான் சொன்னாங்க. வெளி ஷெட்காரங்க வேலை பிடிக்கத்தான் இதைச் சொல்றாங்க.

சார், உங்க சர்வீஸ் சென்டருக்கு வாரண்டி முடியற வரைக்கும்தான் லைஃப். நீங்க வாங்கப் போறது அதுக்கு அப்புறம். இதுல வாக்குவாதமே இல்ல, கியர்பாக்ஸ் செஞ்சவன் சொல்றான்.

குரோம்பேட்டை: ஆனா 1.4 லட்சம் ஓடின வண்டிக்கு ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு என் மச்சான் சொல்றாரே? அவருக்குத் தெரிஞ்சவருக்கு அப்படி ஆச்சாம்.

எல்லா மச்சானுக்கும் இப்படி ஒரு தெரிஞ்சவர் இருக்கார். ஏற்கெனவே ஸ்லிப் ஆகிற கியர்பாக்ஸைக் கடைசி முயற்சியா எடுத்துட்டு வந்து ஆயில் மாத்துவாங்க. கிளட்ச் பிளேட் தேஞ்சது ஆயில்ல சரியாகாது. அது சாகும், பழி ஆயில் மேல. இன்னொண்ணு, மாத்தத் தெரியாதவன் மாத்தினாலும் போகும். இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது, ஆயில் சூட்டை ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) பார்த்துக்கிட்டே லெவல் வைக்கணும். இறக்கின அளவுக்கு ஊத்தினா போதும்னு ஊத்துறவன் கெடுத்துடுவான். இசட்.எஃப்.ல ஃபில்டரும் அடித்தொட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, அதையும் சேர்த்துதான் மாத்தணும்.

மயிலாப்பூர்: ஓனர் மேனுவல்லயே ஆயில் மாத்தணும்னு இல்லையே?

வேண்டாம் சார், மாத்தாதீங்க. உங்க வண்டி.

பள்ளிக்கரணை: நானும் மாத்தல, 1.6 லட்சம் ஓடுது, ஒரு குறையும் இல்ல.

சந்தோஷம். கியர்பாக்ஸ் கேள்வி இதோட போதும்.

ஓ.எம்.ஆர்.: லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 டீசல்?

அருமையான வண்டி, ஆனா கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்லாம் சுத்த வைக்கிற மெயின் தண்டு) உடையறதுக்குப் பேர் போன இன்ஜின். முன்கூட்டியே உறுதியா காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் கிடையாது. ஆயில் அடிக்கடி மாத்தின பில் வரிசையா இருக்கணும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சுப் பார்த்தா உலோகத் தூள் மின்னக் கூடாது. டர்போ வேலைக்கே பல இடத்துல பாடியைச் சேஸிஸ்ல இருந்து தூக்கிடுவாங்க. அந்தக் கூலிக்கு மனசு இருந்தா வாங்குங்க.

பெசன்ட் நகர்: அண்ணா, மெர்சிடிஸ் எம்.எல். 350 டீசல். அடியில ஆயில் கசியுது, ரியர் சீல் (இன்ஜின் பின்பக்க ஆயில் சீல்) மட்டும்தான்னு புரோக்கர் சொல்றார்.

இருக்காதும்மா. இந்த வி6-ல டர்போவுக்குக் கீழ, ரெண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவுல ஆயில் கூலர் இருக்கு. அதோட சீல் போனா ஆயில் பின்னாடி வழிஞ்சு கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டும். பார்க்க ரியர் சீல் மாதிரியே தெரியும். சீல் விலை ஒண்ணுமில்ல, அதுவரைக்கும் போய்ச் சேர மேல எல்லாத்தையும் கழட்டணும். விலையில அதைக் குறைச்சுப் பேசுங்க. கடலோரமா நின்ன வண்டின்னா அடியில போற ஏசி பைப்பையும் பாருங்க, உப்புக் காத்து அரிச்சுடும்.

முகப்பேர்: ஓனர் நல்ல மனுஷன் சார், நாங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு வெச்சிருந்தார்.

முதல் பதிலைப் படிங்க.

அம்பத்தூர்: மீட்டரை இறக்கியிருந்தா தெரியுமா?

டயல்ல இறக்குறது சுலபம். நிறைய வண்டியில ஓடின தூரம் வேற மாட்யூல்லயும் (வண்டிக்குள்ள இருக்கிற சின்ன கம்ப்யூட்டர்) பதிஞ்சிருக்கும், அங்க மறந்துடுவாங்க. அதனால இன்ஜின் மட்டும் இல்லாம எல்லா மாட்யூலையும் ஸ்கேன் போடச் சொல்லுங்க. ஒரு எரர்கூட இல்லாம பளிச்சுன்னு வந்தா நேத்து ராத்திரி அழிச்சிருக்கலாம்னு சந்தேகப்படுங்க. அம்பது கி.மீ. ஓட்டிட்டுத் திரும்ப ஸ்கேன் போடுங்க.

தி. நகர்: 25 லட்சத்துல எது பெஸ்ட்?

அண்ணா நகருக்குச் சொன்னதேதான்.

சோழிங்கநல்லூர்: டெல்லி வண்டி பாதி விலைக்கு வருதே, எடுக்கலாமா?

10 வருஷம் தாண்டின டீசலை அங்க ஓட்டக் கூடாதுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது, 2025-ல அதைத் தளர்த்திச்சு. விலை இப்படி இறங்கினது அந்தத் தடையாலதான். வண்டி மோசம்னு அர்த்தமில்ல. ஆனா அந்த ஆர்.டி.ஓ.ல இருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வரணும், லோன் பாக்கி இருந்தா பேங்க்ல தனியா வாங்கணும், இங்க 12 மாசத்துக்குள்ள நம்பர் மாத்தணும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் கட்டணும். இதெல்லாம் கூட்டி, சஸ்பென்ஷன் ஏர் பேக், செயின், கியர்பாக்ஸ் ஆயில் செலவையும் எழுதிப் பாருங்க. என்.ஓ.சி. கைக்கு வராம அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீங்க.