மலைப்பாதையைச் சரிசெய்யப் போகிறீர்களா? முதல் நாள் குடை மட்டும் போதும்

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்வராயன் மலையில் நடக்கப் போவோம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று மழையில் அரித்து, சில இடங்களில் இடுப்பளவு பள்ளமாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி மூடிவிட்டது. நாங்களே இறங்கிச் சரிசெய்யலாம் என்று இருக்கிறோம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? என்னென்ன கருவி வேண்டும்? சுற்றி வளைந்து போகும் இடங்களில் நேராகப் புது வழி வெட்டிவிடலாமா?
வாசகர், சேலம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டாதீர்கள். இப்போது இடுப்பளவு பள்ளமாகக் கிடப்பதும் ஒரு காலத்தில் யாரோ அவசரத்துக்குப் போட்ட நேர்வழியாக இருக்கலாம். மனிதன் நேராக ஏறினால் தண்ணீரும் அதே வழியில் நேராக இறங்கும். அவன் ஞாயிறுதோறும் வருவான், தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் வரும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அதாவது 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மண் பாதை அரிக்காமல் நிற்க வேண்டுமானால் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஏற வேண்டும் என்று அர்த்தம். அப்படியானால் 12 கிலோமீட்டருக்குப் பாதை வளைந்து வளைந்து போக வேண்டும். தலையில் சுமையோடு சந்தைக்கு இறங்கிய மலைக்கிராமத்து ஆட்களுக்கு அத்தனை பொறுமை எப்படி இருக்கும்? அவர்கள் செங்குத்தாகத்தான் நடந்தார்கள். அதனால்தான் பழைய பாதைகளில் செங்குத்தான இடம் வந்தால் கல் பதித்திருப்பார்கள். நீங்கள் போகும் பாதையிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தால் பழைய படிக்கல் தட்டுப்படலாம்.

சரி, அனுமதி விஷயம். ஒரே பாதை மூன்று விதமான நிலத்தைக் கடந்து போகும்: காப்புக்காடு, காபி எஸ்டேட்காரர்களின் பட்டா நிலம், ஊர்ப் புறம்போக்கு. எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காப்புக்காட்டுப் பகுதிக்கு சேலம் மாவட்ட வன அலுவலருக்கு எழுதி, அந்தச் சரகத்து ரேஞ்சரை நேரில் பார்க்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மண் வெட்டுவது, கல் எடுப்பது, செடி வெட்டுவது எல்லாம் அதற்கு மேல். 'நல்ல காரியம்தானே செய்தோம்' என்பது அங்கே செல்லாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நீங்கள் ஞாயிறுதோறும் நடப்பதற்கே அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் சேர்வராயன் மலைப் பாதைகளும் உண்டு. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். உங்கள் பாதை அந்தப் பட்டியலில் இருந்தால் வேலை சுலபம். ஏற்கெனவே பராமரிக்கிற கை ஒன்று இருக்கிறது, நீங்கள் கூடச் சேர்ந்துகொள்ளலாம்.

கடிதத்தில் 'இயற்கையைக் காக்கும் நோக்கில்' என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். எந்தப் பாதை, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எந்தெந்தத் தேதி, என்ன கருவி, என்ன வேலை. அப்புறம் எதைச் செய்ய மாட்டோம் என்று ஒரு வரி: மரம் வெட்ட மாட்டோம், புது வழி போட மாட்டோம், சிமெண்ட் பூச மாட்டோம், பாறையில் பெயின்ட் அடிக்க மாட்டோம். பழுதான ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்து, மொபைலில் காட்டும் இடக்குறிப்போடு இணையுங்கள். வேலை நாளில் வனக்காவலர் ஒருவர் கூட வரட்டும் என்று நீங்களே கேளுங்கள். அதைக் கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் மேலே இருக்கிற ஊருக்குப் போங்கள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்) தலைமுறை தலைமுறையாக நடந்த வழி அது. எந்த ஓடை எப்போது திரும்பும், காட்டுமாடு எங்கே கடக்கும், எந்தத் திருப்பத்தில் தேன்கூடு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சில இடங்களில் செடி மூடிக் கிடப்பதே அவர்களுக்கு வசதியாக இருக்கலாம். வழி திறந்தால் வெளியாள் பைக் ஏறி வரும். அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கல் கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் தினக்கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தன்னார்வலர்தான், அதற்காக அவரும் சும்மா வர வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் இதேபோல அரித்த பாதையைச் 'சரிசெய்தோம்'. பக்கத்து மேட்டிலிருந்து மண் வெட்டி, பாண்டு பாண்டாகச் சுமந்து, பள்ளத்தை நிரப்பி மிதித்துவிட்டு வந்தோம். இரண்டு ஞாயிறு வேலை, கையெல்லாம் கொப்புளம். வைகாசியில் ஒரே ஒரு கோடை மழை. போய்ப் பார்த்தால் நாங்கள் போட்ட மண்ணும் இல்லை, அதற்கு அடியில் இருந்த பழைய மண்ணும் கொஞ்சம் இல்லை. வழியில் வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தண்ணிக்குப் போக வழி சொல்லாம பள்ளத்த மூடினா, அது என்ன பண்ணும்?" என்றார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.

ஆகவே முதல் நாள் மம்முட்டி எடுக்காதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, சாதாரண மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு பாதையின் மேல் முனையிலிருந்து நடந்து இறங்குங்கள். இடி மின்னல் இருந்தால் வேண்டாம். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மாதிரியான மழையிலும் வேண்டவே வேண்டாம். அப்போது ஏற்காடு சாலையிலேயே மண் சரிந்தது. தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே தானாக வெளியேறுகிறது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு பள்ளம் இருக்கிற இடத்தில் நோய் இருக்காது. அதற்கு இருபது, முப்பது மீட்டர் மேலே, தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்தில் இருக்கும்.

அங்கே செய்ய வேண்டியது வடிகால் வெட்டு. ஏரியில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் கலிங்கு மாதிரி பாதைக்கு இது. பாதைக்குக் குறுக்கே நேராக வெட்டாமல், சரிவைப் பார்த்து, பாதைக்கு ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் சாய்வாக வெட்ட வேண்டும். நேர்க்குறுக்காக இருந்தால் தண்ணீர் முட்டி நின்று வண்டலைப் போட்டு, இரண்டே மழையில் மேலே ஏறி ஓடிவிடும். மேல்பக்கத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் நீளத்துக்கு மண்ணைச் செதுக்கி மெதுவாகத் தாழ்த்துங்கள். வெட்டிய மண்ணைத் தூக்கி எறியாமல் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு போலக் குவித்து, அடுக்கடுக்காக மிதித்து இறுக்குங்கள். நடக்கிறவன் காலுக்கு அது ஒரு சின்ன ஏற்ற இறக்கமாக மட்டுமே தெரிய வேண்டும். தடுக்கினால் அவன் சுற்றிப் போவான், அது இன்னொரு பாதையாகிவிடும். தண்ணீர் வெளியேறும் வாய் மம்முட்டி இலையின் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வாய்க்கு வெளியே நாலைந்து கல்லைப் போட்டுவிட்டால் விழுகிற தண்ணீர் அங்கே குழி பறிக்காது. முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். அது சொல்லிவிடும்.

அடுத்து, பாதையின் வெளி ஓரத்தைக் கவனியுங்கள். நடு மண் மிதிபட்டுத் தேய்ந்து, பள்ளத்தாக்குப் பக்க விளிம்பு உதடு மாதிரி உயர்ந்து நிற்கும். அந்த உதடுதான் தண்ணீரை வெளியே விடாமல் பாதை நெடுகக் கூட்டிக்கொண்டு போகிறது. அதைச் செதுக்கி எடுத்து, ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கும்படி விட்டால் போதும். மீட்டர் நீளக் கம்பும் கொத்தனாரின் ரசமட்டமும் இருந்தால் அளந்துவிடலாம். பார்ப்பதற்கு இதில் பெருமையாகச் சொல்ல எதுவும் இருக்காது. ஆனால் நாள் முழுக்க இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு வந்தாலும் நல்ல வேலைதான்.

இடுப்பளவு பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். மேலே வடிகால் வெட்டிய பிறகு தண்ணீர் குறைந்துவிடும். மிச்சத்துக்குப் பள்ளத்தின் குறுக்கே கல்லடுக்குத் தடுப்புகள் வையுங்கள். கீழ்த் தடுப்பின் தலை, அதற்கு மேலே உள்ள தடுப்பின் காலுக்கு மட்டமாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் தாழ்வு விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இரண்டு கரையையும் அரிக்கும். இரண்டு, மூன்று மழைக்காலத்தில் வண்டல் தானாக நிரம்பும். அதுவரை நடப்பதற்குப் பக்கத்தில் வழி விடுவதா என்பதை வனக்காவலர் முடிவு செய்யட்டும்.

செங்குத்தான இடத்தில் படிக்கல். இந்த மலையின் சார்னோகைட் பாறை இரும்பு மாதிரி. உடைக்க ஆசைப்படாமல் கிடக்கிற கல்லில் தோதானதைத் தேடுங்கள், ஓடையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஒரு படி 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அடுத்த கல் முந்தைய கல்லின் பின்விளிம்பில் கொஞ்சம் ஏறி உட்காரட்டும். வைத்து முடித்ததும் உங்கள் கூட்டத்தில் எடை அதிகமானவரை அதன் நான்கு மூலையிலும் ஏறிக் குதிக்கச் சொல்லுங்கள். துளி ஆடினாலும் பெயர்த்து எடுத்து மறுபடி வையுங்கள். அடியில் சில்லுக்கல் கொடுத்து முட்டுக்கட்டுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஒரு மழைக்குக் கூடத் தாங்காது. ஒரு நல்ல படிக்கு இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

உண்ணிச்செடியை அரிவாளால் மேலே வெட்டினால் அடுத்த வருடம் இரண்டு மடங்கு தழைக்கும். பூத்துக் காய்ப்பதற்கு முன்னால், தரைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். தோள் அகலத்துக்கு வழி இருந்தால் போதும். சாலை மாதிரி திறக்க வேண்டாம்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஒன்பது பேருக்கு மம்முட்டி மூன்று, கடப்பாரை இரண்டு, பிக்காசு ஒன்று, அரிவாள் இரண்டு, பாண்டு நாலு. எல்லோர் கையிலும் கருவி இருந்தால் யாரோ ஒருவர் காலில் விழும். ஆளுக்கு ஆள் குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி. நடக்கும்போது கருவியைத் தோளில் வைக்காமல், பள்ளத்தாக்குப் பக்கக் கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள், வழுக்கினால் கைவிட்டுவிடலாம். கல்லைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள், கீழ்ச்சரிவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு. கிடக்கிற கல்லைப் புரட்டும்போது அதன் எதிர்ப்பக்கத்தைக் கடப்பாரையால் உங்களை நோக்கித் தூக்க வேண்டும். அடியில் பாம்போ தேளோ இருந்தால் அதற்கு வெளியே போக வழி எதிர்ப்பக்கம் திறக்கும், உங்கள் காலுக்கும் அதற்கும் நடுவே கல் நிற்கும். காட்டுமாடு எதிரில் வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று திரும்பிவிடுங்கள். சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள், தேனீக்குப் பிடிக்காது.

எப்போது? தை மாதம்தான் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் இன்னும் இருக்கும், மம்முட்டி இறங்கும், மிதித்தால் மண் பிடிக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். மலையேற்றப் பாதைகளையே மூடிவிடுவார்கள், கேட்காமலிருப்பது மரியாதை. அதற்குப் பிறகு ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு நாள் போய், வடிகால் வாய்களில் சேர்ந்த சருகையும் வண்டலையும் வழித்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். அதைப் பெரும்பாலும் தன்னார்வக் குழுக்கள்தான் பராமரிக்கின்றன, ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொண்டு. நீங்களும் மலை முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரை கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு மூன்று வருடம் விடாமல் போங்கள்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி குடையோடு போகும்போது ஒரு மீட்டர் கம்பும் நோட்டும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு வடிகால் வாயிலும் எத்தனை சென்டிமீட்டர் வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒன்றிரண்டு மழைக்குள் ஒரு வாய் அடைந்துபோயிருந்தால், அதற்கு மேலே இன்னொரு வடிகால் தேவைப்படுகிறது என்று அர்த்தம். தையில் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.